ஹாஸ்டலில் இருந்துகொண்டு சுற்றுச்சூழலுக்கு என்ன செய்ய முடியும்? எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். தங்குவது ஹாஸ்டலில். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்.

அந்த அணையைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல் கோவையையும் திருப்பூரையும் தாண்டித்தான் எங்கள் பக்கம் வருகிறது. அப்புறம் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று எங்கள் ஊர்ப் பக்கம் அணை கட்டினார்கள். சில வருடத்திலேயே அதில் திருப்பூர் சாயத் தண்ணீர் தேங்கிவிட்டது. அணையால் வயல் செழிக்கும் என்று காத்திருந்தவர்கள், அணையைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைமை வந்தது. எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) கிணறும் அதில் போனது. கிணற்றடிக் கல்லில் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். சின்னப் பிள்ளையில் அதை நகத்தால் சுரண்டுவேன். அது மண்ணைக் கெடுக்கிற உப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாரு கடைசி வரைக்கும் குடிக்கத் தண்ணீரை சைக்கிளில் குடம் கட்டித்தான் கொண்டுவந்தார்.

அதனால் இந்த விஷயம் எனக்குப் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. போன செமஸ்டர் லீவு முடிந்து வந்ததும் ஆன்லைனில் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, தண்ணீர் பாட்டில், இலைப்படம் போட்ட துணிப்பை எல்லாம் வாங்கினேன். மொத்தம் 1,140 ரூபாய். மாதச் செலவுக்கு அப்பா கொடுப்பதே 1,500. பார்சல் வந்ததும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அலமாரியில் அடுக்கும்போது அம்மா கொடுத்துவிட்ட எவர்சில்வர் டம்ளரும் மூன்று மஞ்சப்பையும் ஏற்கெனவே அங்கேயே இருந்தன. அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஹாஸ்டலில் எதுவும் என் கையில் இல்லை. மெஸ்ஸில் போடுவதைச் சாப்பிட வேண்டும். ஃபேன், லைட், தண்ணீர் எல்லாம் பொது. ஒரு தளத்துக்கு ஒரே குப்பைத் தொட்டி. எல்லாவற்றையும் அதில்தான் போடுகிறோம். பெருக்குகிற அக்கா காலையில் வந்து ஒரே சாக்கில் கொட்டி எடுத்துப் போகிறார். நான் தனியாகப் பிரித்து வைத்தாலும் கடைசியில் அதே சாக்குதானே?

இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் காந்திபுரத்தில் வகுப்புக்குப் போகிறேன், 11 கிலோமீட்டர். அப்பா ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்வதா, வாங்கிக்கொள்வதா என்றும் குழப்பம்.

சொந்த வீடு, தோட்டம் இருப்பவர்களுக்கான யோசனைகள் நிறையப் படித்துவிட்டேன். ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் மட்டும் இருக்கிற ஒருத்தி எங்கிருந்து தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய_ஹாஸ்டல்:

தங்கச்சி, மதுரையில் நான்கு வருடம் ஹாஸ்டலில் இருந்தவள் நான். முதலில் ஒன்று சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாதே, எதையும் வாங்காதே. உன் குப்பையைத் தொட்டியில் போடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வை. சாப்பாடு ஒட்டியதை மட்டும் கழுவிக் காயவைத்துப் போடு, இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நியூஸ்பேப்பர் விரித்து மொத்தத்தையும் கொட்டி எண்ணிப் பார்.

எனக்கு அந்தப் பேப்பரில் விழுந்தது: ஷாம்பு பாக்கெட் ஏழு, பிஸ்கட் கவர் பதினொன்று, டீ பார்சல் வாங்கிய கவர் ஐந்து. மூங்கில் பிரஷ்ஷுக்கு அங்கே வேலையே இல்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷை மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்றுதானே தூக்கிப் போடுகிறோம்? தினமும் கையில் வந்து தினமும் போகிறது எதுவோ, அதில்தான் கைவைக்க வேண்டும்.

பிஸ்கட், சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியவை. அவற்றைப் பிரிக்க முடியாது. அதனால் பழைய இரும்புக் கடைக்காரர் தொடவே மாட்டார். தண்ணீர் பாட்டிலையாவது எடுத்துக்கொள்வார். ஆக, பாக்கெட் ஷாம்புவை விட்டாலே நிறையக் குறையும். உங்கள் கொங்குப் பக்கம் அரப்புத் தூள் கிடைக்குமே, அம்மாவிடம் ஒரு டப்பா கேள்.

டீக்கடைக்கு அந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு போ. பேப்பர் கப் நல்லதுதானே என்று நினைக்காதே. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் அந்தக் கப்பும் உண்டு, சாதாரணக் கேரிபேக்கும் உண்டு. தடை வந்து இத்தனை வருடம் ஆகியும் கடையில் தொங்குகிறது என்பது வருத்தம்தான். அதற்காக நாம் கை நீட்டி வாங்க வேண்டியதில்லை.

ஒரே சாக்கில்தானே போகிறது என்று கேட்டாய். பெருக்குகிற அக்காவிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறாயா? அவர்தான் பாட்டில், அட்டை, பேப்பரைப் பொறுக்கி எடுத்து எடைக்குப் போடுவார். சாம்பார் ஊறின அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். நீ காயவைத்துத் தனியாகக் கொடுத்தால் அது அவருக்குக் காசு. 2016 திடக்கழிவு விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் வரும் ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். ஹாஸ்டலுக்கும் அதுதான். வார்டனிடம் பேசும்போது இதைச் சொல்.

---

பனியன்கட்டிங்:

பாப்பா, நான் திருப்பூர். கட்டிங் மாஸ்டராக 22 வருஷம். உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. எங்கள் பிழைப்பு உங்கள் ஊர்த் தண்ணீரில்தான் போய் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்களுக்கும் வேலை இல்லாமல் போனது. அந்த நாள்களில் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆற்றில் கீழே இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் எத்தனை வருஷம் பிழைப்பு இல்லாமல் இருந்தார்கள் என்று யோசித்தால் பேச வாயில்லை. இப்போது சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், வெளியே ஒரு சொட்டு விடக்கூடாது என்பது விதி. அதற்குப் பெரிய செலவு ஆகிறது, கரண்ட்டும் நிறைய இழுக்கிறது. கடைசியில் உப்புக் கழிவு ஒன்று மிஞ்சுகிறது. அதை எங்கே கொண்டு வைப்பது என்பது இன்றைக்கும் தலைவலி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு டீ-சர்ட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. பருத்தி இயற்கைதானே என்று துணிப்பையும் டீ-சர்ட்டும் வாங்கிக் குவிக்கிறார்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற மெல்லிய கேரிபேக்கோடு ஒப்பிட்டால், ஒரு பருத்திப் பை புவி வெப்ப விஷயத்தில் ஈடுகட்ட 131 தடவை கடைக்குப் போய் வர வேண்டும் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். கேரிபேக் நல்லது என்பதில்லை இதற்கு அர்த்தம். அது சாக்கடையை அடைக்கும், மாடு தின்னும். உங்கள் அலமாரியில் இருக்கிற மூன்று மஞ்சப்பையும் கிழியும் வரைக்கும் புதுப்பை வேண்டாம் என்பதுதான் அர்த்தம்.

துணி விஷயத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் ஒரே வேண்டுகோள்: கல்ச்சுரல்ஸ், டிபார்ட்மென்ட் டே, டூர் என்று ஒவ்வொன்றுக்கும் பேட்ச் டீ-சர்ட் அடிக்காதீர்கள். ஆர்டர் எங்களுக்குத்தான் வருகிறது, இருந்தும் சொல்கிறேன். ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து வைக்கிற துணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாயம். தையல் விட்டால் ஊசி நூல் எடுங்கள். ரூமுக்கு ஒரு ஊசி இருந்தால் போதும்.

---

ஒயர்மேன்:

கரண்ட் கணக்கு மட்டும் நான் சொல்கிறேன் தங்கச்சி.

பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். ஆள் இல்லாத ரூமில் 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். ஹாஸ்டலில் 60 ரூம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 36 யூனிட் காற்றோடு போச்சு. நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பல்லடம், காங்கேயம் வழியாக ஊருக்குப் போனால் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் நன்றாகவே சுற்றவைக்கும். ஆனால் காற்று படுத்துவிட்ட மாதங்களில் ராத்திரிக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான்.

பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு 1,500 வாட். அரை மணி நேரம் போட்டால் 0.75 யூனிட். அதாவது அதே ஃபேன் 10 மணி நேரம் ஓடுவதற்குச் சமம். ரூமில் யாராவது திருட்டுத்தனமாக வைத்திருந்தால் அது ஆபத்தும்கூட, எடுத்துவிடச் சொல்லுங்கள். கோவையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் மிச்சமாவது மிகக் கொஞ்சம். அதிலேயே திருப்திப்பட்டு ராடை விட்டுவிடக் கூடாது.

ஸ்கூட்டர்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. போக வர 22 கிலோமீட்டர் என்றால் அரை லிட்டர், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே வழியில் டவுன் பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. வாரம் இரண்டு நாளுக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ராத்திரி திரும்பி வர நேரமானால் பாதுகாப்புதான் முதல். அன்றைக்கு வகுப்புத் தோழிகளோடு சேர்ந்து ஆட்டோ பிடியுங்கள்.

---

ஈரோட்டு_டீச்சர்:

யாரும் எடுக்காத ஒன்றை நான் எடுக்கிறேன் கண்ணு. நாப்கின். பெண்கள் ஹாஸ்டலில் மக்காத குப்பையில் அதுவும் நிறைய இருக்கும். கடையில் வாங்குகிறதில் மேலுறையும் அடித்தாளும் பிளாஸ்டிக். நான் ஆறு வருடமாக மென்சுரல் கப் வைத்திருக்கிறேன். மருத்துவத் தர சிலிக்கானில் செய்தது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் வரும். முதல் இரண்டு மாதம் பழக்கம் ஆகாமல் அவதிப்பட்டேன், மூன்றாவது மாதம் சரியாகிவிட்டது. கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்பதால் ஹாஸ்டலில் அதற்கு வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயம் இல்லை. துணி நாப்கினும் இருக்கிறது, ஆனால் வெயிலில் காயவைக்க இடம் வேண்டும். உள்ளாடையை மறைத்து மறைத்து ஈரத்தில் காயப்போடுகிற இடத்தில் அதை நான் சொல்ல மாட்டேன்.

எதுவும் மாற்ற முடியாவிட்டாலும், நாப்கினைப் பேப்பரில் சுற்றி ஒரு அடையாளம் போட்டுத் தனியாக வை. அந்தச் சாக்கில் கைவிட்டுப் பிரிக்கிறவரும் ஒரு பெண்தான்.

---

நொய்யல்கரை:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன்.

அக்கா சொன்னபடி பெட்டி வைத்தேன். ரூம்மேட்டும் சேர்ந்துகொண்டாள். ஞாயிறு எண்ணியபோது இரண்டு பேருக்கும் சேர்த்து ஷாம்பு பாக்கெட் ஒன்பது, டீக்கவர் எட்டு. இப்போது இரண்டுமே பூஜ்ஜியம். அரப்பு ஊரிலிருந்து வந்துவிட்டது. டீக்கடை அண்ணன் டம்ளரில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறார். பெருக்குகிற அக்காவிடம் பேசினேன். எங்கள் தளத்தில் அட்டைக்கும் பாட்டிலுக்கும் தனியாக ஒரு சாக்கு கட்டியிருக்கிறோம். நாப்கினை எல்லோரும் சுற்றி வைக்கும்படி பாத்ரூம் கதவில் எழுதி ஒட்டி, பக்கத்தில் பழைய பேப்பரும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். டீச்சரம்மா, கப் விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் ஸ்கூட்டர் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பெட்டியில் குப்பை சேர்த்த அந்த வாரம்தான் என் கண்ணில் பட்டது, தட்டைக் கழுவும் முன் நாங்கள் கொட்டுகிற வாளி. அதை என் பெட்டியில் சேர்க்க முடியாது என்பதால் கணக்கில் விட்டிருந்தேன். திங்கட்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸில் காய்கறி நிறுக்கிற தராசில் அந்த வாளிகளை வைத்து நிறுத்துத் தரும்படி சமையல் மாஸ்டரைக் கேட்டேன். வாளி எடை போக 19 கிலோ. நாங்கள் 160 பேர். மேலே கொஞ்சம் ரசம், அடியில் முழுக்கச் சாதம். ஒரு கிலோ நெல் விளையச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று படித்திருக்கிறேன். சைக்கிளில் குடம் கட்டிப் போன அப்பாரு ஞாபகம் வந்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அந்த வாரம் முழுக்க நிறுத்தோம். வெள்ளிக்கிழமை தட்டில் மிஞ்சியது வெறும் 8 கிலோதான். ஆனால் அண்டாவில் யாரும் தொடாமல் அப்படியே மிஞ்சிய சாதம் 23 கிலோ. காரணம் எளிது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறோம். மாஸ்டர் 160 பேருக்கு உலை வைக்கிறார். "யார் யாரு இருப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அளந்து போடப் போறேன் பாப்பா. சோத்தைக் கொட்டுறதுக்கு எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். பதினாறு வருடமாக அந்த மெஸ்ஸில் இருக்கிறாராம். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லையாம்.

இதுவரைக்கும் மிஞ்சியதைப் பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்து எடுத்துப் போவார், அவர் வராத நாளில் மாநகராட்சி வண்டியில் போகும். குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் அதிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றுகிற வாயு அது. அதனால் மிஞ்சியதை என்ன செய்வது என்பதைவிட, மிஞ்சாமல் செய்வதில்தான் நாங்கள் இறங்கினோம்.

மெஸ் வாசலில் ஒரு தாள் ஒட்டினோம். ரூம் நம்பர் வரிசையாக, எதிரில் 'வெள்ளி ராத்திரி சாப்பாடு உண்டு / இல்லை'. பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். வியாழக்கிழமை எட்டு மணிக்குள் டிக் அடிக்க வேண்டும். முதல் வாரம் பென்சிலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், 30 பேர்தான் எழுதியிருந்தார்கள். இரண்டாம் வாரம் நானும் ரூம்மேட்டும் ரூம் ரூமாகப் போய்க் கேட்டோம். கதவைத் தட்டிக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வெள்ளி மிஞ்சியது 9 கிலோ. போன வெள்ளி 4.

பரிமாறும் அக்காக்களிடமும் முதல் தடவை அரைக்கரண்டி போடுங்கள், வேண்டுமென்றால் நாங்களே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். இது இன்னும் சரியாக வரவில்லை. கூட்டத்தில் அவர்களுக்குக் கை பழக்கத்தில் முழுக்கரண்டி விழுந்துவிடுகிறது. மறுபடி வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுப் பிள்ளைகளும் முதலிலேயே நிறைய வாங்கிவிடுகிறார்கள். இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள். இரண்டாவது தடவை வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு மேசை போடலாமா என்று மாஸ்டரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

பனியன்கட்டிங் அண்ணா, டிபார்ட்மென்ட் டே-க்கு இந்த வருடம் டீ-சர்ட் வேண்டாம் என்று வகுப்பில் பேசினேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி பேசுவேன்.

இன்றைக்கு வியாழன். தாளில் 71 பேர் 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறார்கள். மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

---

பழைய_ஹாஸ்டல்:

தனி மேசை நல்ல யோசனை, எங்கள் ஹாஸ்டலில் அது பலித்தது. மேசையைத் தட்டு கழுவுகிற இடத்துக்குப் போகிற வழியில் போடச் சொல். கரண்டியையும் மாற்றச் சொல். சாதத்துக்குப் பெரிய கரண்டிக்குப் பதில் பொரியல் கரண்டி வைத்தால், கை பழக்கத்தில் முழுக்கரண்டி விழுந்தாலும் அளவு பாதிதான்.